பாரிசவாத நோயாளரும் தாதியர் பணியும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் இலக்கியமும் சமயமும் பேசி எம் செவி நிறைத்தவர் பலர். அவர்கள் நின்ற இடத்தில் நின்று கட்டிலையும் நோயையும் பற்றிப் பேச நாம் வந்திருக்கின்றோம். தாதியியல் பயிலும் மாணவர் என்பதனால் இப்பொருள் எமக்குத் தரப்பட்டது. எனினும் இது தாதியர்க்கு மட்டும் உரிய பொருளன்று. பாரிசவாதம் கண்டு படுத்த ஒருவரைத் தம் உற்றாரிடையே அறியாதவர் இக்கூட்டத்தில் இருப்பது அரிது.

பாரிசம் என்றாலும் பக்கம் என்றாலும் ஒன்றே. ஆகவேதான் நாம் பாரிசவாதம் என்பதைத் தமிழகத்தார் பக்கவாதம் என்பர். கையும் காலும் ஒரு பக்கமாகச் சோர்வதைக் கண்ட முன்னோர், அது வாதத்தின் கோளாறு எனக் கொண்டு இப்பெயரிட்டனர். நோயின் இருப்பிடமோ மூளை. மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் குழாய் அடைபடுவதாலோ, வெடித்துக் கசிவதாலோ மூளையின் ஒரு பகுதி உணவும் பிராணவாயுவுமின்றி வாடுகின்றது. மூளையின் வலப்பாதி பழுதுபடின் இடக்கையும் இடக்காலும் சோரும். இடப்பாதி பழுதுபடின் வலப்பக்கம் சோர்வதோடு பெரும்பாலாரிடம் பேச்சும் குலையும். கையிலே நோயில்லை, ஆகவே நோய் கண்ட முதல் நாளில் கைக்கு எண்ணெய் தேய்த்துக் காத்திருப்பதனால் காலந்தான் கழியும். நாட்டு வைத்தியத்தைப் பழிப்பது எம் நோக்கமன்று. முதல் நாளைப் பற்றியே பேசுகின்றோம்.

அந்த முதல் நாளிலும் முதல் மணிகளே பெரிது. மூளையின் பெரிய குழாயொன்று அடைபட்டால், சராசரியாக நிமிடமொன்றுக்கு 19 இலட்சம் நரம்புக் கலங்கள் மடிகின்றன என்று 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்து உண்டு. அம்மருந்தின் பயன் 1995இல் அமெரிக்காவில் நடந்த பெரும் ஆய்வொன்றால் நிலைநாட்டப்பட்டது. அப்போது மூன்று மணித்தியாலம் என்றிருந்த எல்லை 2008இல் நாலரை மணித்தியாலமாக நீண்டது. ஆனால், மருந்து ஏற்றுமுன் சீ.ரி. ஸ்கான் எடுத்து, நோய் அடைப்பா கசிவா என்று அறிந்தாக வேண்டும். கசிவுக்கு அம்மருந்து கொடுத்தால் அது நஞ்சாக முடியும். வீட்டில் இருக்கும் அஸ்பிரினைத் தாமாகவே கொடுப்பதும் இக்காரணத்தால் ஆகாது.

முகம் ஒரு பக்கம் கோணுகின்றதா, இரு கைகளையும் உயர்த்தச் சொன்னால் ஒன்று தாழ்கின்றதா, பேச்சுக் குழறுகின்றதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று கண்டாலும் 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, 2018இல் வடக்கிற்கும் வந்தது. பணம் எதுவும் கேட்கமாட்டார்கள்.

வைத்தியசாலை வாசலில் தாதி கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று, "இவரைக் கடைசியாக எப்போது நல்ல நிலையில் கண்டீர்கள்?" என்பது. "விடிய எழும்பேக்கை இப்பிடிக் கிடந்தார்" என்று வீட்டார் சொல்வர். விடிய எழும்பிய நேரம் கணக்கன்று. இரவு நலமாகப் படுக்கைக்குப் போன நேரமே கணக்கு. உறவினர் பலர் சூழ்ந்து அழும்போது, அவர்களுள் நேரத்தைச் சரியாகச் சொல்லக்கூடிய ஒருவரைத் தேடிப் பிடிப்பதுகூடத் தாதியின் வேலைதான். மருந்து ஏற்றலாமா என்ற தீர்ப்பு அந்த ஒரு விடையில் தொங்கக் கூடும்.

இனிச் சொல்லப் போவதே எம் பேச்சின் உயிர். மேற்சொன்ன ஊசிமருந்து எல்லார்க்கும் கிட்டுவதில்லை. காலந் தாழ்த்தி வருவோர், கசிவு நோயாளர், அம்மருந்து உடலுக்கு ஒவ்வாதோர், ஸ்கான் வசதியில்லாத ஊரில் வாழ்வோர் ஆகியோரைக் கழித்தால் எஞ்சுவோர் சிலரே. அப்படியாயின் ஏனையோர்க்குச் செய்ய ஒன்றுமில்லையா? "இனி ஒன்றும் செய்ய ஏலாது, வீட்டை கொண்டு போங்கோ" என்ற சொல்லை ஒரு காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. அச்சொல் பிழையென்று காட்டியது புதிய மருந்தொன்று அன்று. கட்டிலருகே நடந்த பராமரிப்பே அதைக் காட்டியது.

நோர்வே நாட்டின் துரொன்ட்ஹைம் நகரில் 220 நோயாளரைச் சீட்டுப் போட்டதுபோல இரண்டு பகுதியாகப் பிரித்தனர். ஒரு பகுதியினரைப் பாரிசவாதத்துக்கென்றே அமைந்த தனி விடுதியிலும், மறு பகுதியினரைப் பொது மருத்துவ விடுதிகளிலும் வைத்துப் பராமரித்தனர். ஆறு வாரம் சென்றபின் தனி விடுதியாருள் நூற்றுக்கு 56 பேர் வீட்டில் இருந்தனர். பொது விடுதியாருள் அவ்வாறு இருந்தோர் நூற்றுக்கு 33 பேரே. இம்முடிவு வெளியானது 1991இல். தனி விடுதியில் இருந்தது, இந்நோயை அறிந்த தாதியரும் வைத்தியரும் இயன்மருத்துவரும் ஒன்றுகூடி முதல் நாளிலிருந்து செய்த பணி.

இதனிலும் எம்மைக் கவர்ந்தது அவுஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு. அதை நடத்தியவர் ஒரு வைத்தியர் அல்லர். தாதியியற் பேராசிரியரான சாண்டி மிடில்ரன். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பாரிசவாத விடுதிகளை எடுத்து, அவற்றுள் ஒரு பகுதியில் தாதியர்க்கு மூன்று விடயங்களில் பயிற்சி கொடுத்தார். காய்ச்சலை நாலு மணிக்கொரு முறை அளந்து, 37.5 பாகை செல்சியசுக்கு ஏறியவுடன் பரசிற்றமோல் கொடுப்பது ஒன்று. விரல் நுனியில் குத்திச் சீனியைப் பார்த்து, கூடினால் இன்சுலினால் அடக்குவது இன்னொன்று. நோயாளி விழுங்க வல்லாரா என்று சோதித்தறியுமுன் வாயால் எதுவும் கொடாமை மூன்றாவது. முதல் 72 மணித்தியாலத்திற்கு இவற்றைத் தவறாது செய்யச் சொன்னார். பெரிய யந்திரமில்லை, விலை கூடிய மருந்துமில்லை. தொண்ணூறு நாளின் பின் கணக்கெடுத்தபோது, வழமைபோல் நடந்த விடுதிகளில் இறந்தோரும் பிறர் கையை நம்பி வாழ்ந்தோரும் நூற்றுக்கு 58 பேர். பயிற்சி பெற்ற தாதியர் இருந்த விடுதிகளில் 42 பேர். 2011இல் 'லான்செற்' என்ற மருத்துவ ஏட்டில் இது வந்தது. வெப்பமானியும் ஒரு கரண்டித் தண்ணீரும் செய்த காரியத்தை எண்ணிப் பாருங்கள்.

அந்தக் கரண்டித் தண்ணீரைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் இங்கேதான் எம்மவரின் அன்பே நோயாளிக்கு ஆபத்தாகின்றது.

நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாயில் மூடிக்கொள்கின்றது. இது மூளையின் ஏவலால் நடக்கும் காரியம். பாரிசவாதம் கண்டோருள் ஏறக்குறையப் பாதிப்பேர்க்கு முதல் நாட்களில் இந்த ஏவல் குழம்பிவிடுகின்றது. வாயில் விட்ட கஞ்சி வயிற்றுக்குப் போவதற்குப் பதிலாக நுரையீரலுக்குப் போகின்றது. நல்லவர்க்கு அப்படி ஒரு துளி போனாலும் புரைக்கேறி இருமல் வரும். இந்நோயாளர் சிலர்க்கு இருமலும் வராது. வீட்டார், "நல்லாய்க் குடிச்சார்" என்று மகிழ்வர். இரண்டு நாளில் காய்ச்சலும் சளியும் மூச்சு வாங்கலுமாக நியூமோனியா வந்துவிடும். பாரிசவாதத்துக்குத் தப்பியவர் நியூமோனியாவால் போவது இவ்வாறே.

ஒருவர் மயங்கி விழுந்தால் எமது ஊரில் முதலில் நடப்பது என்ன? சோடா உடைப்பார்கள், கோப்பி ஊற்றுவார்கள். வைத்தியசாலைக் கட்டிலில் கிடத்தியபின்னும், தாதி அப்பால் திரும்பிய நேரம் பார்த்து, தெர்மோஸ் போத்தலிலிருந்து ஒரு மிடறு தேநீர் இறங்கும். "பசியோடை கிடக்கிறாரே" என்று தாய் கேட்கும்போது தடுக்கும் தாதி கல்நெஞ்சக்காரியாகத் தோன்றுவாள். இது பற்றி விடுதிகளில் நடக்கும் சண்டைகளை நாம் பலமுறை கண்டுள்ளோம். தாதி செய்யும் சோதனை மிக எளியது. நோயாளி விழிப்பாக உள்ளாரா என்று பார்த்து, நிமிர்ந்து இருக்கச் செய்து, சிறு கரண்டியால் நீர் கொடுத்து, தொண்டையின் அசைவையும் இருமலையும் கவனிப்பாள். பின்பு பேசச் சொல்லி, குரல் ஈரம்பட்டதுபோல் கரகரக்கின்றதா என்று கேட்பாள். தேறினால் உணவு உண்டு. தேறாவிட்டால் மூக்குக் குழாய் வழியாக உணவு போகும்; பட்டினி கிடக்க விடமாட்டார்கள். கோயிலிலிருந்து கொண்டு வந்த விபூதியை நெற்றியிலே இடுங்கள். தீர்த்தத்தைத் தலையிலே தெளியுங்கள். வாயில் விடுவது மட்டும் அச்சோதனை முடிந்தபின் ஆகட்டும். பெரியோர்களே, இந்தப் பேச்சில் வேறெதை மறந்தாலும் இதனை மறவாதிருக்கும்படி கேட்டுக்கொள்கின்றோம்.

அடுத்தது படுக்கை. தாமாகப் புரள முடியாதவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிவிட வேண்டும். குதியிலும் இடுப்பெலும்பிலும் முதுகின் அடியிலும் தோல் சிவந்து, அந்தச் சிவப்பு விரலால் அழுத்தியும் மறையாதிருந்தால் படுக்கைப்புண்ணின் தொடக்கம் அது. பவுடர் பூசி அதனை மறைப்பதால் பயனில்லை. சோர்ந்த கையைப் பிடித்திழுத்து நோயாளியைத் தூக்குவது பலர் அறியாது செய்யும் தீங்கு. தசை தளர்ந்த தோள்மூட்டு அந்த இழுவையில் நழுவிவிடும். பிறகு கைக்குப் பலம் திரும்பினாலும் நோவு அதனை அசைய விடாது. கையின் கீழ் எப்போதும் தலையணை ஒன்று இருக்க வேண்டும்.

எழுப்பி நடத்துவதிலும் அளவு உண்டு. எவ்வளவு விரைவாக எழுப்புகின்றோமோ அவ்வளவுக்கு நன்மை என்று பலரும் எண்ணியிருந்தனர். மலேசியா, சிங்கப்பூர் உட்பட ஐந்து நாடுகளில் 2104 நோயாளரிடம் செய்த ஆய்வின் முடிவு 2015இல் வெளியாகியது. இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி நடத்தப்பட்டோருள் நல்ல நிலை அடைந்தோர் நூற்றுக்கு 46 பேர். வழமையான பராமரிப்புப் பெற்றோருள் 50 பேர். ஆர்வமும் அளவு மீறினால் கெடுதியே. ஆகவே "எழும்பு, எழும்பு" என்று முதல் நாளிலேயே உறவினர் வற்புறுத்துவதை விட்டு, இயன்மருத்துவரும் தாதியும் சொல்லும் வேளைக்குக் காத்திருத்தல் நன்று.

மூளையின் வலப்பாதி பழுதுபட்ட சிலரிடம் விந்தையான நிலையொன்று உண்டு. அவர்க்கு இடப்பக்க உலகமே இல்லாது போகின்றது. கண் தெரியும், மனம் அப்பக்கம் செல்லாது. தட்டின் வலப்பாதிச் சோற்றை உண்டுவிட்டு, "கறி வைக்கவில்லையே" என்று குறைபடுவார். கறி இடப்பாதியில் இருக்கும். மருமகள் இடப்பக்கத்தில் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். அவளும், "மாமாவுக்கு என்னிலே கோபம்" என்று கலங்குவாள். இது கோபமன்று, நோய் என்று எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அவர் பெரும்பாலும் தாதியாகவே இருப்பார். தட்டைத் திருப்பி வைக்கவும், இடப்பக்கம் பார்க்கும்படி மெல்ல நினைவூட்டவும் அவரே வீட்டாரைப் பழக்குவார்.

பேச்சிழந்தவர் நிலை இதனிலும் துயரமானது. 1861இல் பிரான்சு நாட்டு வைத்தியரான போல் புரோக்கா, "டான்" என்ற ஒரே ஒலியைத் தவிர வேறு பேச்சற்ற ஒருவரைக் கண்டார். அவர் இறந்தபின் மூளையைச் சோதித்து, பேச்சை ஆளும் இடம் மூளையின் இடப்புறத்து முன்பகுதியில் இருப்பதாகக் காட்டினார். அந்த மனிதர் பிறர் சொல்வதை நன்கு விளங்கிக்கொண்டார் என்பதே நாம் மனங்கொள்ள வேண்டியது. பேச முடியாதவர் அறிவிழந்தவர் அல்லர். நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்த ஆசிரியரைக் கட்டிலில் வைத்து, "ஆ காட்டுங்கோ, ராசா" என்று குழந்தைபோல் கொஞ்சுவது அவரைக் கூனிக் குறுகச் செய்யும். ஆம், இல்லை என்று தலையசைத்து விடை சொல்லக்கூடிய கேள்வியை ஒவ்வொன்றாகக் கேட்டு, விடைக்குப் பொறுத்திருக்க வேண்டும். குடிக்கத் தண்ணீர் கேட்க வாய் வராத சிலர், சிறு வயதிலிருந்து ஓதிவந்த தேவாரத்தை முழுமையாகப் பாடிவிடுவதும் உண்டு. பழகிய பாட்டுக்கு மூளையின் மற்றப் பாதியும் துணை நிற்பதே காரணமென்பர். அவ்வாறே, வாழ்நாளில் கெட்ட வார்த்தை பேசியறியாத பெரியவரின் வாயிலிருந்து வசைச்சொல் தெளிவாகப் பாய்வதும் உண்டு. அதுவும் நோயின் செயலே. வீட்டார் வெட்கப்படத் தேவையில்லை.

எமது நாட்டில் இன்னொரு சங்கடம். தமிழ் நோயாளி சிங்களம் மட்டும் அறிந்த தாதியிடமும், சிங்கள நோயாளி தமிழ் மட்டும் அறிந்த தாதியிடமும் அகப்படுவதுண்டு. பாதி பேச்சிழந்தவர்க்கு எஞ்சியிருக்கும் சொற்களும் விளங்காது போனால் அவர் என் செய்வார்? 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்த அமெரிக்கரான டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மாணவரைத் தமிழிலேயே பயிற்றினார். நோயாளியின் மொழியும் ஒரு மருந்துதான் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார் போலும். நீர், நோ, பசி, சலம் ஆகியவற்றுக்குப் படம் வரைந்த ஓர் அட்டையைக் கட்டிலருகே வைத்தால் இரு மொழியார்க்கும் உதவும். அதனை வரைவதற்கு எம் இளைஞருள் சித்திரக்காரர் இல்லாமலா போய்விட்டனர்?

சலமும் மலமும் பற்றி மேடையில் பேசுவது அழகன்று என்பாருமுளர். தன்னினைவோடு இருக்கும் ஒருவர் பிறர் கையால் சுத்தம் செய்யப்படும்போது படும் நாணத்தை அருகிருந்து கண்டவர் அவ்வாறு சொல்லார். திரையை இழுத்துவிட்டு, வேண்டிய அளவு மட்டும் துணியை விலக்கி, வேறு பேச்சுப் பேசிக்கொண்டே அக்காரியத்தை முடிக்கும் தாதியின் நயத்தை எந்தப் பாடநூலும் முழுதாகக் கற்பிக்காது. நோயாளருள் ஏறக்குறைய மூவரில் ஒருவர்க்கு மனச்சோர்வு வருகின்றது. சாப்பிட மறுப்பதும், பயிற்சிக்கு வரமாட்டேன் என்பதும் பிடிவாதமென்று ஏசப்படும். அது மருந்தாலும் ஆறுதலாலும் தீரக்கூடிய நோயென்று முதலில் கண்டு வைத்தியருக்குச் சொல்பவரும் இரவில் கண்விழித்திருக்கும் தாதியே.

ஒரு நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். அன்றுதொட்டுத் தாதி யார்? பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, எழுபது வயது மனைவி தனியே நின்று எண்பது கிலோ நிறையுள்ள கணவரைப் புரட்டும் வீடுகள் எத்தனை! பணம் வருகின்றது, கை வருவதில்லை. ஆகலின் வீட்டுக்கு அனுப்பும் நாளுக்கு முன்பே பராமரிக்கப் போகின்றவரை அழைத்து, புரட்டவும் ஊட்டவும் குளிப்பாட்டவும் தாதி பழக்க வேண்டும். அவ்வேளை நோயாளியைப் பார்க்க வரும் பத்துப் பேரிடமும் சொல்லிப் பயனில்லை. உண்மையில் வீட்டில் நிற்கப் போகின்றவரிடம் சொல்ல வேண்டும். குருதியமுக்கக் குளிசையை, "இப்ப சுகந்தானே" என்று நிறுத்திவிடுவோர்க்கு இரண்டாம் முறை நோய் வருவதற்கு வழி திறக்கின்றது. இன்னும் நோய் காணாத பெரியோர்களும் குருதியமுக்கத்தையும் சீனியையும் அரசாங்க வைத்தியசாலைகளில் பணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

தாதி என்னும் சொல்லும், தமிழகத்தார் வழங்கும் செவிலி என்னும் சொல்லும் பழந்தமிழில் வளர்ப்புத் தாயைக் குறித்தன. அதனாலோ என்னவோ, இது பெண்கள் தொழில் என்ற எண்ணம் எம்மிடையே ஊறிவிட்டது. மகன் தாதியியல் படிக்கப் போகின்றான் என்றால் அயலார் முகத்தைப் பார்க்க வேண்டும்! வளர்ந்த ஓர் ஆணைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்ற உதவிக்கு ஆள் தேடும் விடுதியில் ஒரு நாள் நின்றால் அந்த எண்ணம் மாறும்.

தொழிலாக ஏற்காதோரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இவ்வூரில் பாரிசவாதத்தால் படுத்திருப்போர் யார், அவர்களைப் பார்ப்போர் யார் என்பது சங்கத்தார்க்குத் தெரியும். வாரத்தில் ஒரு நாள், இருவர் இருவராகச் சென்று, இரண்டு மணித்தியாலம் நோயாளியருகே இருந்தால், அந்த நேரம் வீட்டிலுள்ள அம்மா நிம்மதியாகக் கண்ணயர்வார். பத்திரிகை வாசித்துக் காட்டலாம், புரட்டிவிடலாம். ஊட்டுவதை மட்டும் பழகியவரிடம் விட்டுவிட வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர்க்காகக் காரியதரிசியிடம் ஒரு கொப்பி வைத்திருக்கின்றோம்.

மேடையின் ஓரத்தில் கட்டிலும் மூன்று தலையணையும் கிடப்பதைக் கண்டு, ஏதோ நாடகம் நடக்கப் போகின்றதென்று பின்வரிசையில் சிலர் எதிர்பார்த்திருக்கலாம். தோளை இழுக்காமல் நோயாளியைப் புரட்டும் முறையை இப்போது காட்டப் போகின்றோம். நோயாளியாகப் படுக்க ஒருவரும், எம்மோடு சேர்ந்து புரட்ட இருவரும் முன்னே வரவேண்டும். படுப்பவர் சற்றுப் பாரமானவராக இருந்தால் நல்லது.